ஈரத்துல போட்ட எடை

மேல் வீட்டு மகாதேவி துணி துவைக்க உக்காந்தான்னா எனக்குக் கீழ இருந்தே தெரிஞ்சுரும். எங்க பாத்ரூம் சீலிங்குல இருந்து சொட்டு விழும். குளிக்கலாம்னு வெந்நிய வெளாவி வச்சுட்டுச் சட்டையக் கழட்டியிருப்பேன், நடு முதுகுல சில்லுன்னு ஒண்ணு விழும். அதோட குளிச்ச மாதிரிதான். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துரணும்னு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் படியேறுவேன். அவ கதவத் தொறந்து, "வாங்கண்ணே, காப்பி போடட்டா"ன்னு கேப்பா. குடிச்சுட்டு எறங்கி வந்துருவேன். இப்படியே நாலு வருசம் ஓடிப்போச்சு.

முப்பத்தோரு வருசம் இந்த மலையில ஓடுற கிளாவரை பஸ்ஸுல கண்டக்டரா நின்னவன் நான். ரிட்டயரானதும் நாயுடுபுரத்துல இந்தக் கீழ் வீட்ட வாங்கிட்டு நானும் எஞ்சம்சாரம் அன்னக்கொடியும் வந்து சேந்தோம். அப்பார்ட்மெண்டுன்னு வாசல்ல போர்டு கெடக்கு. கீழ ரெண்டு, மேல ரெண்டு, ஆகக்கூடி நாலே வீடு. வீட்டுக்கு ஒரு ஹாலு, ஒரு அடுப்படி, ஆள் திரும்புனா முட்டி செவத்துல இடிக்கிற பாத்ரூமு. மேல இருக்கிற திருமலைச்சாமி பூம்பாறைக்காரன், பிக்கப் வண்டி ஓட்டுறான். வெள்ளனே பூம்பாறை போயிப் பூண்டும் காரட்டும் ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்கு எறங்குனான்னா, வீடு வந்து சேர சாயங்காலம் ஆயிரும். மகாதேவி வில்பட்டிக்காரி. லேக் ரோட்டுப் பக்கம் ரம்யா மேடம் நடத்துற சாக்லேட் கடையில அவளுக்குப் பேக்கிங் வேல. மக சௌம்யா எட்டாவது படிக்குது.

இந்த வருசம் ஐப்பசி பொறந்ததுல இருந்து வெயில யாரும் கண்ணால பாக்கல. மத்தியானம் ரெண்டு மணிக்கே மேகம் எறங்கி வாசப்படியில வந்து உக்காந்துக்கிரும். கொடியில போட்ட துணி மூணு நாள் கழிச்சும் போட்ட மேனிக்கே தொங்கும். நாலாம் நாள் மக்கல் வாடை வந்துரும், மறுபடி அலசணும். ஒரே சட்டைய ஒரு வாரத்துல மூணு தடவ துவைச்சு ஒரு தடவகூடப் போட முடியாமப் போறதெல்லாம் எங்க ஊர்லதான் நடக்கும்.

அந்தப் பச்சத்தண்ணியிலயும் சோப்புலயும் கெடந்து மகாதேவி கை வெடிச்சுப்போச்சு. வெரல் மடியிற எடமெல்லாம் பொளந்து ரத்தம் கசிஞ்சுச்சு. அன்னக்கொடி வேப்பண்ணயக் காய்ச்சித் தடவிப் பாத்தா, கேக்கல. டாக்டரம்மா ஒரு களிம்பு எழுதிக் குடுத்துட்டு, ஒரு மாசத்துக்குப் பச்சத்தண்ணியில கைய வைக்கக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிருச்சு. காலையில களிம்பத் தடவி, அரைமணி நேரத்துல துவைக்க உக்காந்தா களிம்பு எங்க நிக்கும்? சாக்கடைக்குத்தான் அது மருந்து.

சாக்லேட் கடையில கையுறை மாட்டித்தான் வேல பாக்குறாங்க. உறைக்குள்ளயே ரத்தம் ஊறுனா என்ன செய்ய? ரம்யா மேடம் நல்ல மனுசிதான். இருந்தாலும் சாப்பிடுற பொருளு. மகாதேவிய சாக்லேட் மேசையில இருந்து எடுத்து, குடோன் பெருக்குறதுக்கு மாத்திட்டாங்க. டிசம்பர் ஒண்ணாந்தேதி சீசன் தொடங்குது, அன்னைக்குக் கை ஆறியிருந்தா மேசைக்கு வா, இல்லேன்னா நான் வேற ஆள எடுத்துத்தான் ஆகணும், மனசுல வச்சுக்கிராதன்னு சொல்லியிருக்காங்க.

படியில எதுக்க வந்தவ எங்கிட்டச் சொன்னா.

"பழையபடி காட்டுக்குக் காரட் புடுங்கப் போறதுல எனக்கு வெக்கமில்லண்ணே. ஒம்பது வருசமா அந்தக் கடையில வால்நட் சாக்லேட் வெட்டுறது நாந்தான். துண்டுக்குத் துண்டு நூல் புடிச்ச மாதிரி இருக்கும். என் கைய நம்பித்தான் மேடம் கடைச் சாவியவே குடுத்து வச்சிருந்தாங்க. போன வாரம் அதக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க."

திருமலைச்சாமி ரொம்ப நாளா வாஷிங் மிஷின் வேண்டாங்கிற கட்சி. நாலு பேரு உக்காந்தா அஞ்சாவது ஆளு நிக்கணும், இந்த வீட்டுல மிஷின எங்க வைக்கிறதும்பான். அவன் மனசு மாறுனது ஒரு ராத்திரிச் சாப்பாட்டுல. மகாதேவி பூண்டுக் கொழம்பு வச்சிருக்கா. காரம் வெடிப்புல பட்டா உசுரு போகும்னு சோத்த ஸ்பூன்ல எடுத்துச் சாப்பிட்டிருக்கா. இவன் பாத்துட்டான். பாதிச் சோத்துல எந்திரிச்சுக் கையக் கழுவிட்டு எங்க வீட்டுக்கு எறங்கி வந்து, "நாளைக்கே மிஷின் வாங்கணும்ணே"ன்னு நின்னான். கண்ணு கலங்கியிருந்துச்சு. அவன் அப்படி நின்னு நான் பாத்ததில்ல.

அதுக்கப்புறம் ஊரே யோசனை சொல்லுச்சு. மேல தொறக்கிறத வாங்குன்னு ஒருத்தர், முன்னாடி தொறக்கிறத வாங்குன்னு ஒருத்தர், ரெண்டு தொட்டி வச்சதுதான் ஒழைக்கும்னு பேக்கரிக்காரர். மகாதேவி யாரு பேச்சையும் கேக்கல. சௌம்யா பள்ளிக்கூட ஸ்கேல வாங்கி, பாத்ரூம்ல வாஷ்பேசினுக்கும் செவத்துக்கும் நடுவுல இருந்த எடத்த அளந்து, இருபத்திரெண்டு இஞ்சின்னு காலண்டர்ல எழுதி வச்சா. அதோட நின்னிருந்தா எல்லாம் நல்லா முடிஞ்சிருக்கும்.

நடுவுல வாய வச்சது நாந்தான். மறைக்க என்ன இருக்கு. கடைக்குக் கெளம்புறதுக்கு மொத நாள் திருமலைச்சாமியக் கூப்பிட்டு, "ஏலே, மிஷின கிலோக் கணக்குலதான் விக்கிறான். ஆறு கிலோ, எட்டு கிலோன்னு. ஒங்க வீட்டுத் துணி எத்தன கிலோன்னு தெரியாமப் போயி எப்படிலே வாங்குவ? மூட்டை கணக்குத் தெரியாம வண்டி புடிப்பியா?"ன்னு கேட்டேன்.

அவனுக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு. காலம் பூரா மூட்டையோட பொழைக்கிறவன். ஒரு வாரத்துத் துணி, போட்டது, கொடியில கெடந்தது, அத்தனையையும் உருவி ஒரு பூண்டுச் சாக்குல அடைச்சான். காய்கறி கமிஷன் கடைக்குத் தூக்கிட்டுப் போயி எலக்ட்ரானிக் தராசுல வச்சோம். பதினோரு கிலோ எழுநூறு. மூணு தடவ எடுத்து எடுத்து வச்சுப் பாத்தோம், மாறல. தராசு பொய் சொல்லாதுன்னு நானே சொன்னேன்.

மிஷின் கடையில விக்கிறதுக்கு நின்ன மனோஜ்குமாரு தன்மையான ஆளு. வீட்டுல எத்தன பேருன்னு கேட்டாரு. மூணு பேருன்னதும் ஓரமா வெள்ளையா நின்ன சின்ன மிஷின் ஒண்ணக் காட்டுனாரு. ஆறு கிலோ போதும்ங்க, அகலம் இருபத்தோரு இஞ்சிதான், சின்ன வீட்டுக்கெல்லாம் இதத்தான் குடுக்கிறோம்னாரு. மகாதேவி அது மூடியத் தொறந்து தொறந்து மூடுனா. அவ மொகத்தப் பாத்தாலே அதுதான் வேணும்னு தெரிஞ்சுச்சு.

திருமலைச்சாமி சட்டப் பையில இருந்து எடை எழுதுன சீட்டை எடுத்து நீட்டுனான். பதினொண்ணே முக்காக் கிலோ. மனோஜ்குமாரு சீட்டையும் பாத்தாரு, எங்க மூணு பேரையும் ஏற எறங்கப் பாத்தாரு. அவ்வளவு துணியாங்கன்னு கேட்டாரு. எடை போட்டே கொண்டாந்திருக்கோம்னு நான் முந்திக்கிட்டுச் சொன்னேன். அப்புறம் அவரு என்ன பேசுவாரு? பன்னெண்டு கிலோ மிஷினக் காட்டுனாரு. பீரோ கணக்கா இருந்துச்சு. மகாதேவி மெதுவா, "நம்ம வீட்டுல இருபத்திரெண்டு இஞ்சிதாங்க இருக்கு"ன்னா. பேசினக் கழட்டிக்கலாம்னு இவன் சொன்னான். கழட்டிக்கலாம்னு நானும் மண்டைய ஆட்டுனேன்.

பேசின் வரைக்கும் போகவே இல்ல. எங்க மாடிப்படி பாதியில ஒரு திருப்பம் திரும்பும். அந்தத் திருப்பத்துல பெட்டி மாட்டிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. தூக்கிட்டு வந்த ரெண்டு பேரும், திருமலைச்சாமியும், போதாக்கொறைக்கு நானும் முக்கி முனகி ஒரு மணி நேரம் நின்னோம். கடைசியில எறக்கிக் கொண்டாந்து எங்க வீட்டு வாசல்ல வச்சுட்டாங்க. பெட்டியப் பிரிக்காம இருந்தா பத்து நாளைக்குள்ள மாத்திக் குடுக்கிறோம்னு கடையில சொன்னாங்க. அன்னக்கொடி கொஞ்சம் தாட்டியான ஆளு. வீட்ட விட்டு வெளிய போகணும்னா ஒருக்களிச்சுத்தான் போகணும். போகும்போதெல்லாம் என்னய ஒரு பார்வ பாத்துட்டுத்தான் போவா.

சின்னத மாத்திட்டு வந்துருலேன்னு சொன்னேன். திருமலைச்சாமி கேக்கல. அவன் வீம்புக்கு ஒரு நியாயம் இருந்துச்சு.

"துணி பதினொண்ணே முக்கா, மிஷினு ஆறுன்னா மீதிய யாருண்ணே துவைக்கிறது? மறுபடி இவதான உக்காரணும்?"

அதுக்கு மகாதேவி, "வீட்டுக்குள்ளயே வராத மிஷினா என் கையக் காப்பாத்தப் போகுது?"ன்னா. அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு, அம்மாவ டார்ச் லைட் எங்கன்னு கேளுன்னு சௌம்யாதான் நடுவுல ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. பத்தடி வீட்டுல ஒரு பிள்ளைய எத்தன நட நடக்க விடுறாங்க பாருங்க.

மறுநாளு விடியக்காலம் இவன் அழுக்குத் துணியெல்லாம் மூட்டையாக் கட்டி வண்டியில போட்டுக்கிட்டான். வத்தலக்குண்டுல தெரிஞ்ச லாண்டரி ஒண்ணு இருக்கு, கீழ வெயிலும் இருக்கு, மிஷினுக்கு வழி பொறக்கிற வரைக்கும் அங்க குடுத்துக்கிறேன்னு சௌம்யா மூலமாச் சொல்லிவிட்டான். சாயங்காலம் துணி திரும்பி வந்துச்சு. மொடமொடன்னு காஞ்சு, மடிச்சு. மகாதேவி கோவத்துலதான் இருந்தா. ஆனாலும் ஒரு சேலைய எடுத்து மொகத்துல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தாளாம். காஞ்ச துணிய மோந்து பாத்து ஒரு மாசமாச்சுன்னு அன்னக்கொடிகிட்டச் சொல்லியிருக்கா. என்னமோ துணியில பூண்டு வாடை மட்டும் அடிக்குதுன்னாளாம். வண்டி பூண்டு ஏத்துற வண்டி, வேற எப்படி இருக்கும்னு இவன் பதில் சொல்லிவிட்டான்.

அன்னையில இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் மூட்ட போகும், வரும். எங்க சீலிங் சொட்டுறது நின்னுச்சு. மகாதேவி கையில களிம்பு தங்க ஆரம்பிச்சுச்சு. பாத்ரூம்ல இருந்த சோப்புக் கட்டி ரெண்டு காணாமப் போயி சௌம்யாவுக்குத் திட்டு விழுந்துச்சு. பிள்ள நான் எடுக்கலன்னு அழுதுச்சு. அது ஒண்ணுதான் சின்ன ரசாபாசம்.

எட்டாம் நாளு சாயங்காலம் திருமலைச்சாமி பெட்டியச் சுத்தி உள்ள வந்து எங்க ஹால்ல உக்காந்தான். கையில டிரைவருங்க மாட்டுற கம்பளி உறை. குளிருக்கு மாட்டியிருக்கான்னு நெனச்சேன். அன்னக்கொடி அவிச்ச உருளக்கெழங்கத் தட்டுல வச்சுக் குடுத்தா, தொடல.

"அண்ணே, நாம ஏமாந்துட்டோம்ணே."

"யாருகிட்டலே?"

"காலையில தூக்குறப்ப மூட்ட கனக்குது. சாயங்காலம் தூக்குறப்ப அதே மூட்ட பஞ்சா இருக்குது. தெனம் அம்பது மூட்ட தூக்குற கைண்ணே, பொய் சொல்லாது. இந்த வாரத்துத் துணி மொத்தத்தையும் இன்னைக்குச் சேத்துக் கொண்டு போயி, காஞ்ச பெறகு வத்தலக்குண்டு மண்டியில எடை போட்டேன். அஞ்சரைக் கிலோ."

எனக்கு ஓடல. மீதி ஆறு கிலோ எங்க போச்சுன்னு கேட்டேன்.

"தண்ணிண்ணே. அன்னைக்கு நாம மேகத்தச் சாக்குல அடைச்சு எடை போட்டிருக்கோம்."

என்னத்தச் சொல்ல. பச்சப்பூண்டுக்கு ஒரு எடை, காஞ்ச பூண்டுக்கு ஒரு எடைன்னு யாவாரிகிட்ட மல்லுக்கட்டுற ஊர்க்காரன் அவன். நனைஞ்ச மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் எப்படிப் போடுறதுன்னு முப்பத்தோரு வருசம் சண்ட போட்டவன் நான். கொடியில இருந்து உருவுன துணிய ஈரம்னு ரெண்டு பேருக்கும் தோணல. ஐப்பசி கார்த்திகையில எங்க ஊருத் துணி அப்படித்தான் இருக்கும், அதுதான் துணின்னு பழகிப்போச்சு. தராசு பொய் சொல்லல. நாங்கதான் பொய்ய ஏத்தி வச்சோம். அன்னக்கொடி அடுப்படியில சிரிச்ச சிரிப்புல பாத்திரம் உருண்டுச்சு.

நீங்களே மேல போயிச் சொல்லிருங்கண்ணேன்னு கெஞ்சுனான். யோசனை சொன்னதுக்கே வாசல அடைச்சுக்கிட்டு ஒண்ணு கெடக்கு, தூதுக்கெல்லாம் வர மாட்டேன்னுட்டேன். படி வரைக்கும் போனேன். ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துச்சு.

"ஆறு கிலோவே போதுமாம்."

பெறகு அவ கொரலு.

"இருபத்திரெண்டு இஞ்சின்னு நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"சரி, கைய கால அலம்பிட்டுச் சாப்பிட வாங்க."

கடையில மொகம் சுளிக்காமப் பெரியத எடுத்துக்கிட்டாங்க. சின்னது அதுக்குள்ள வித்துப்போச்சு, திண்டுக்கல்ல இருந்து வர மாசக் கடைசி ஆகும்னு சொன்னாங்க. அதுவரைக்கும் லாண்டரியே ஓடுச்சு. இருபத்தொம்பதாந்தேதி சின்ன மிஷின் வந்துச்சு. படித் திருப்பத்துல வழுக்கிக்கிட்டு ஏறி, பேசினுக்கும் செவத்துக்கும் நடுவுல பக்கத்துக்கு அரை இஞ்சி விட்டு உக்காந்துச்சு. மகாதேவி அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சா. மொத ஓட்டம் சுத்துனப்ப எங்க சீலிங் கிடுகிடுன்னு ஆடுச்சு. மேல போயி ரெண்டுல ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன், காப்பி குடிச்சுட்டு வந்துட்டேன்.

ஒண்ணாந்தேதி காலையில மகாதேவி கைய ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே படியெறங்குனா. அன்னக்கொடி ஒரு துளி எண்ணய வச்சுவிட்டா. போயிட்டு வந்து சொல்லுறேன்க்கான்னா. நாளெல்லாம் எனக்கு ஒரு சோலியும் ஓடல.

ஆறு மணிக்கு மேல இருந்து கூப்பிட்டா. போனோம். சௌம்யாவும் திருமலைச்சாமியும் உக்காந்திருந்தாங்க. ரம்யா மேடம் டியூப்லைட்டுக்குக் கீழ நிக்க வச்சுக் கைய ரெண்டு பக்கமும் பாத்தாங்களாம். நேரா உள்ள போயி, கையுறையும் கத்தியும் எடுத்துக் குடுத்தாங்களாம். சாயங்காலம் கெளம்புறப்பச் சாவியையும் குடுத்துட்டாங்களாம். சாவி மிஷின் மேலயே கெடந்துச்சு. மகாதேவி சொல்லிக்கிட்டே அழுதா, அழுதுக்கிட்டே சிரிச்சா. வெட்டுறப்ப ஒடஞ்ச துண்டுகள ஒரு பொட்டலமா மேடம் குடுத்துவிட்டிருந்தாங்க. எனக்கு ஒண்ணு, அன்னக்கொடிக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ரெண்டுன்னு குடுத்தா. திருமலைச்சாமி முன்னாடி நீட்டுனா. அவன் வாங்கல. கம்பளி உறை போட்ட கைய மடியில வச்சுக்கிட்டு, அங்க வச்சுரு, அப்புறம் தின்னுக்கிறேன்னான்.

அவ பொட்டலத்தக் கீழ வச்சா. அப்புறம் அவன் பக்கத்துல உக்காந்து, "நாலு நாளா நீங்களும் ஸ்பூன்லதான் சாப்பிடுறீங்க"ன்னா. "என்னயக் கேலி பண்ணுறீங்கன்னு நெனச்சேன். கைய நீட்டுங்க."

அவன் நீட்டல. அவளே புடிச்சு இழுத்து உறையக் கழட்டுனா. வெரல் மடியிற எடமெல்லாம் வெடிச்சுப் பொளந்து, ரத்தம் காஞ்சு கெடந்துச்சு. போன மாசம் அவ கை எப்படி இருந்துச்சோ அதே மாதிரி.

"லாண்டரி எங்க இருக்கு?"

"பூம்பாறையில," அப்படின்னு தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான். "காரட் கழுவுற தொட்டியில. லோடு ஏத்துற நேரத்துல துவைச்சுப் போட்டுருவேன். வத்தலக்குண்டுல வெயில் மட்டுந்தான் வாங்குனேன்."

பூண்டு வாடைக்கும் சோப்புக் கட்டிக்கும் அப்பத்தான் எனக்குக் கணக்குச் சரியாச்சு. லோடு ஏத்துற ஆம்பளைங்க நடுவுல உக்காந்து பொண்டாட்டி சேலைய அலசியிருக்கான், எத்தன பேரு சிரிச்சானுகளோ. சௌம்யா எந்திரிச்சு வந்து அவன் தோள்ல சாஞ்சுக்கிச்சு. அன்னக்கொடி என் சட்டையப் புடிச்சு இழுத்தா, நம்ம வீட்டுக்குப் போவம்னு. எனக்குக் கால் வரல.

மகாதேவி உள்ள போயி அவ களிம்ப எடுத்தாந்தா. பாதிக் குழாய் மிச்சம் இருந்துச்சு. ஒவ்வொரு வெரலாத் தடவி முடிச்சா.

"இந்தக் கையோட வந்தா மேடம் ஒங்களக் குடோன் பெருக்கக்கூட விடமாட்டாங்க," அப்படின்னா. "ஒரு மாசத்துக்குத் தண்ணியில கைய வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அப்புறம் வால்நட் இருந்த துண்டாப் பாத்து எடுத்து, எங்க எல்லாரு முன்னாடியும் அவன் வாய்கிட்டக் கொண்டு போனா. அவன் எங்களப் பாத்தான், அவளப் பாத்தான், வாயத் தொறந்தான்.